லைன் கிளியரும் காலைச் சாப்பாடும்

துணை மின்நிலையத்தில் புதிதாக ஷிப்டு ஏறியிருக்கும் உங்களிடம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டபோது, இதில் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஓய்வு பெற்ற ஆபரேட்டரை யாரும் சும்மா கூப்பிடுவதில்லை. பழைய கோப்பு ஏதாவது கிளம்பியிருக்கும், இல்லையென்றால் கூப்பிட்ட ஆள் யாரோ வரமாட்டேன் என்றிருப்பார். "என்னைய ஏன் கூப்புடுறீங்க?" என்று கேட்டேன். "சும்மாதான் சார், உங்க அனுபவத்த நாலு வார்த்த சொல்லுங்க" என்றார்கள். இந்த 'சும்மா'வை நான் வாழ்நாளில் நம்பியதே கிடையாது. பேசமாட்டேன், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத்தில் இருந்தால், நான் சொல்லாததைச் சொன்னதாக நாளைக்கு யாரும் சொல்ல முடியாது.

முதலில் ஒன்று. எனக்கு ஆட்டிசம் உண்டு. அது ஏதோ குழந்தைகளுக்கு வருவது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஐம்பதைத் தாண்டும்வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது வருவதும் இல்லை, போவதும் இல்லை. பிறந்ததிலிருந்து கூடவே இருப்பது. எனக்கு அதோடு ஒட்டிக்கொண்டு பயமும் வந்தது. முகங்களை நான் சட்டையையும் நடையையும் வைத்துத்தான் அடையாளம் பிடிப்பேன். போனில் எல்லாக் குரலும் எனக்கு ஒரே குரல்தான். ஒருவர் கேலி பேசுகிறாரா, கரிசனமாகப் பேசுகிறாரா என்று உங்களுக்குச் சட்டென்று தெரிந்துவிடும். எனக்குத் தெரியாது. தெரியாதவன் என்ன செய்வான்? எல்லாவற்றையும் சந்தேகப்படுவான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரண்டபடியேதான் பிறந்தேன் போலிருக்கிறது.

இந்த வேலை எனக்குப் பொருந்திப்போனது அதனால்தான். டிரான்ஸ்பார்மரின் இரைச்சல் உங்களுக்குத் தலைவலி. எனக்கு அது தாலாட்டு. அந்தச் சத்தம் மாறினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். மனிதர்கள் காரணமே இல்லாமல் மாறுவார்கள். நேற்று சிரித்தவர் இன்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஏன் என்று கேட்டால் "ஒண்ணுமில்லையே" என்பார். அந்த 'ஒண்ணுமில்லையே'யும் 'சும்மா'வுக்குத் தம்பிதான்.

2004-இல் சிதம்பரம் பக்கத்திலிருந்து கடலூருக்கு என்னை மாற்றினார்கள். பதவி உயர்வோடு வந்த மாற்றல். மற்றவர்களாக இருந்தால் ஸ்வீட் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். எனக்கு எதிராக இதைச் செய்தது யார் என்று நான் பல நாள் யோசித்தேன். புது நிலையத்தில் நாற்காலி ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. டியூப் லைட் ஒன்று மற்றவர் கண்ணுக்குத் தெரியாமல் துடித்துக்கொண்டே இருந்தது. அது எனக்கு மட்டும் தெரிந்தது. அடுத்த ஷிப்டு ஆள் கொஞ்சம் தாமதமானால் போதும், வயிற்றில் புளியைக் கரைக்கும். பஸ் மோதியிருக்குமோ, என்னை மாட்டிவிட வேண்டுமென்றே வராமலிருக்கிறாரோ, நான் பூட்டாமல் வந்த கேட்டு வழியாக யாராவது உள்ளே வந்திருப்பார்களோ என்று பயம் ஓடிக்கொண்டே இருக்கும். அவர் டீ குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

இனி, எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த கதைக்கு வருகிறேன்.

லைனில் ஆள் ஏற வேண்டுமென்றால் ஆபரேட்டரிடம் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆபரேட்டர் அந்த லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒரு எண் தருவார். வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, வாங்கியவரே அந்த எண்ணைச் சொல்லித் திருப்ப வேண்டும். அப்புறம்தான் மின்சாரத்தை விட வேண்டும். வாங்கியவரே திருப்ப வேண்டும் என்ற ஒரு விதியில்தான் மேலே இருப்பவன் உயிர் தொங்குகிறது.

நடைமுறை எப்படி என்றும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நேரில் வந்து கையெழுத்துப் போட தூரம் ஜாஸ்தி, அதனால் போனிலேயே வாங்கிக்கொள்வார்கள். திருப்பும்போது கையெல்லாம் அழுக்கு, "டேய், நம்பர் இதான், நீ பேசிடு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார்கள். மற்ற ஆபரேட்டர்கள் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். "யோவ், நீ எதுக்குய்யா பேசுற, அவரு எங்க?" என்று கேட்டுவிடுவார்கள். என்னால் முடியாது. எனக்கு அண்ணன் பேசினாலும் தம்பி பேசினாலும் ஒன்றுதான்.

அதனால் நானாக ஒரு வழி கண்டுபிடித்தேன். லைன் கிளியர் கொடுக்கும்போது, "காலைல என்னா சாப்ட்டீங்க?" என்று கேட்பேன். திருப்பும்போதும் அதையே கேட்பேன். எண்ணை அடுத்தவரிடம் கொடுக்கலாம். சாப்பிட்டதைச் சொல்லிக் கொடுக்க யாருக்குத் தோன்றும்? காலைச் சாப்பாட்டை மாலைக்குள் மறக்கிறவன் நம் ஊரில் கிடையாது.

எனக்கு 'டிபன் ஆபரேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். நான் டூட்டி என்றால் கம்பத்தடியில், "மச்சான், இன்னிக்கு டிபன் ஆபரேட்டருடா. என்னா துன்னோம்னு ஞாபகம் வெச்சிக்க" என்று பேசிக்கொள்வார்களாம். யாரோ எனக்குச் சொன்னார்கள். எதற்காக என்னிடம் வந்து சொன்னார்கள் என்று ஒரு வாரம் அதையும் யோசித்தேன்.

2006 வாக்கில் ஒரு நாள். துறைமுகம் பக்கத்து லைனில் வேலை. லைன்மேன் ஒருவர் காலையில் கிளியர் வாங்கினார். எங்கள் நிலையத்து ஆள்தான், தோளில் எப்போதும் சிவப்புத் துண்டு போட்டிருப்பார். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு "இட்லி" என்றார். மதியத்துக்கு முன்பே போன் வந்தது. எண் சரி, பெயர் சரி.

"காலைல என்னா சாப்ட்டீங்க?"

"பொங்கல் சார்."

"இட்லின்னு சொன்னீங்க."

"அட, அது ஊட்ல. அப்புறமா கடையில பொங்கல் துன்னேன். ரெண்டும்தான் சார். லைன வுடுங்க, இங்க ஐஸ் பேக்டரிக்காரன் சட்டையப் புடிக்கிறான்."

விடவில்லை. இட்லி சாப்பிட்டவர் கம்பத்தின்மேல் இருக்கிறார், பொங்கல் சாப்பிட்டவர் போனில் பேசுகிறார் என்று என் மனம் ஒரு முழுப் படமே காட்டிவிட்டது. அது முடிந்ததும் அடுத்த படம். இவர்கள் சேர்ந்து என்னைச் சோதிக்கிறார்கள். அதுவும் முடிந்து அடுத்தது. போனை வைத்த பிறகு அவர்கள் வேறு யாருக்கோ பேசியிருக்கிறார்கள், என்மேல் புகார் போகப்போகிறது. நேரில் வந்தால்தான் லைன் என்று சொல்லிவிட்டேன். அவர் பைக்கில் அவ்வளவு தூரமும் வந்தார். கோபத்தில் துண்டை இடுப்பில் கட்டியிருந்தார். தோளில் துண்டு இல்லாததால் அவர்தானா என்று எனக்கு அங்கேயும் ஒரு நிமிடம் சந்தேகம்.

அதற்குள் ஐஸ் பேக்டரியில் ஐஸ் உருகி, கரைக்கு வந்த மீனைப் போட்டு வைக்க வழியில்லாமல் போய்விட்டது. மீனவக் குடும்பத்துப் பெண்கள் காலிக் கூடைகளோடு கேட்டில் வந்து நின்றார்கள். அவர்களில் ஒரு அம்மா என்னைப் பார்த்து, "நீ இன்னா துன்னேன்னு நான் கேக்கட்டுமா? எங்க சோத்ததான் துன்ன" என்றார். அந்த வாக்கியம் கேலியா நிஜமா என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

மேலதிகாரி மஞ்சக்குப்பம் ஆபீசுக்கு வரச்சொன்னார். உள்ளே போவதற்கு முன் அங்கே இருக்கும் பெரிய மைதானத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன், கால் வலிக்கும்வரை. உள்ளே போனதும் அவர் ஒன்றுதான் கேட்டார். "ஏன் குடுக்கல?" பயமாக இருந்தது என்றேன். "பயமா இருந்துச்சுன்னு மெமோவுக்குப் பதில் எழுதுவீங்களா?" என்றார். ஒரு லைன்மேன் வீட்டிலும் கடையிலுமாக இரண்டு தடவை சாப்பிடுவார் என்று விதி எழுதியவரே எதிர்பார்த்திருக்கமாட்டார். அன்று பாதி நியாயம் என் பக்கம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் மீதிப் பாதி அந்தக் கூடைக்கார அம்மாவிடம் இருந்தது.

அதற்குப் பிறகு பயம் இரண்டு பக்கமும் அடிக்க ஆரம்பித்தது. லைன் விட்டால் ஒருவர் செத்துவிடுவாரோ என்று பயம். விடாவிட்டால் மறுபடி மைதானமோ என்று பயம். சோறு இறங்காது. வயிற்று வலி. கடலூரில் ஒரு டாக்டர் கேஸ் மாத்திரை கொடுத்தார், இன்னொருவர் புண் என்றார். என் மனைவி தனம் இரண்டு வருடம் இதைப் பார்த்தாள்.

"மாமா, உங்களுக்கு வயித்துல ஒண்ணும் இல்ல. சிதம்பரத்துல ஒரு அம்மா இருக்காங்களாம், மனசுக்குப் பாக்குறவங்க. போய்ட்டு வரலாம்."

எனக்கு உடனே சந்தேகம். "யாரு சொன்னா? ஆபீஸ்ல யாராச்சும் ஒங்கிட்ட பேசுனாங்களா?"

"நான்தான் சொல்றேன். எனக்குக் கண்ணு இல்லையா?"

அவளுக்குப் பிறந்த ஊர் கீரப்பாளையம். மாமியார் வீட்டுக்குப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டுச் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். பஸ்ஸில் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று வழியெல்லாம் சட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.

அந்த டாக்டர் வயிற்றைத் தொடவே இல்லை. சின்ன வயதில் யாரோடு விளையாடினீர்கள், சத்தம் பிடிக்குமா, சட்டையின் காலர் உறுத்துமா, சாப்பாட்டில் எது இறங்காது என்று கேட்டுக்கொண்டே போனார். அடுத்த முறை என் அக்காவையும் கூட்டி வரச்சொன்னார். அக்கா வந்து, "இவன் உப்புமாவ வாயில வெச்சா அப்புடியே வெச்சிக்கினு நிப்பான்ம்மா, முழுங்க மாட்டான். கல்யாண ஊட்ல மேளம் அடிச்சா நெல்லு மூட்டைக்குப் பின்னால போய் ஒக்காந்துக்குவான்" என்று சொல்லிச் சிரித்தார். நான் மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்தேன். இவர்கள் முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள் என்று தோன்றியது.

டாக்டர் ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "இத ஆபீசுக்கு எழுதுவீங்களா?" என்பதுதான்.

"எதுக்கு எழுதணும்?"

"வேலைக்கு லாயக்கு இல்லன்னு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீங்க பயப்படுறதால வேலை கெடல. பயப்படாத ஆளு அந்த நாற்காலியில ஒக்காரக்கூடாது. உங்க பிரச்சினை வேற. உங்களுக்கு எந்தப் பயம் செய்தி, எந்தப் பயம் வெறும் சத்தம்னு பிரிக்கத் தெரியல."

மாத்திரை கொஞ்சம் கொடுத்தார். மூச்சை எப்படி விடுவது என்று சொல்லித் தந்தார். கிளம்பும்போது சொன்ன ஒன்றுதான் இங்கே முக்கியம்.

"பயம் வந்தா அடக்காதீங்க, பின்னாடியே போய்ப் பாருங்க. அது ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு ஓடிக்கிட்டே இருந்தா அது சத்தம். ஒரே எடத்துல நின்னுக்கிட்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டுனா, அங்க போய் என்னான்னு பாருங்க."

நான் இதையும் நம்பவில்லை. அவ்வளவு எளிதாக இருந்தால் இத்தனை வருடம் ஏன் எனக்குத் தெரியவில்லை? சரிபார்க்கத் தொடங்கினேன். ஷிப்டு ஆள் தாமதமா, பயம் எங்கே போகிறது? பஸ், சூழ்ச்சி, கேட்டு, ஓடுகிறது. சத்தம். பொங்கல் நாள் எப்படி ஓடியது? ஒரே நாளில் மூன்று படம் காட்டியது. சத்தம்தான். ஒரு தடவை மீட்டர் முள் ஒன்று அடிக்கடி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பயம் வேறெங்கும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருந்தது. போய்ப் பார்த்தால் பின்னால் ஒரு இணைப்பு கருகத் தொடங்கியிருந்தது. அன்றுதான் அந்த டாக்டர் அம்மாவின்மேல் எனக்கு இருந்த சந்தேகம் பாதி குறைந்தது. ஆட்டிசம் குறையவில்லை, பயமும் குறையவில்லை. இரண்டோடும் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டேன்.

2011 முடியும்போது புயல் அடித்தது. கடலூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். விடிந்து பார்த்தபோது கம்பங்கள் எல்லாம் வயலில் படுத்திருந்தன. முந்திரித் தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஊரே மிரண்டு போயிருந்தது. எனக்கு, சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. முதல்முறையாக எல்லோரும் என்னைப் போலவே இருந்தார்கள்.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை. எல்லா மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். யாரும் தெரிந்த சட்டை இல்லை. எனக்கு அடுத்த ஆள் வர வழியில்லாமல் மரங்கள் கிடந்ததால் நான் நிலையத்திலேயே தங்கிவிட்டேன். வெளியூர் ஆட்களுக்குக் கல்யாண மண்டபத்தில் பெரிய அண்டாக்களில் சமைத்து எல்லா இடத்துக்கும் அனுப்பினார்கள். எங்களுக்கும் வந்தது. காலையில் தினமும் உப்புமா. என் கதைதான் உங்களுக்குத் தெரியுமே. மேஜை டிராயரில் இருந்த ரஸ்க்கைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தேன்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக செல்போன் டவர் உயிர் பெற்றிருந்த ஒரு காலையில், தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் ஓட்டும் லைனைச் சரிசெய்ய ஒரு குழு போனது. திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். அவர்களுடைய போர்மேன் கிளியர் வாங்கினார். எண் கொடுத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன்.

"காலைல என்னா சாப்ட்டீங்க?"

அந்தப் பக்கம் சிரிப்பு. "உப்புமாதாம் சார். வேற என்னத்த இருக்கு? நீங்க சாப்ட்டீயளா?"

நான் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். ஒருவர்கூட என்னைத் திருப்பிக் கேட்டதில்லை. எதற்குக் கேட்கிறார்? என்னிடம் என்ன வேண்டும் இவருக்கு? ஆனாலும் பதில் சொல்லாமல் வைக்க மனம் வரவில்லை.

"ரஸ்க்" என்றேன்.

"ரஸ்க்கா? ஆஸ்பத்திரில கெடக்கவம்லா ரஸ்க் திம்பான்! ஒடம்பப் பாத்துக்கிடுங்க சார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

பிற்பகலில் கேட்டுக்கு வெளியே காலிக் குடங்களோடு கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் ஏ.இ. அம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். இளவயது உதவி என்ஜினியர், நல்லவர், சில நாளாகத் தூங்காத கண். எங்கே போனாலும் அவரைச் சுற்றி நின்று தண்ணீர் கேட்கிறார்கள். "அந்த லைன் வந்துட்டா ஊருக்குக் குடிக்கத் தண்ணி வந்துடும் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. போர்மேனின் பெயரைச் சொல்லி அவர்தான் பேசுவதாகச் சொன்னார்கள். வேலை முடிந்தது, எல்லோரும் இறங்கியாயிற்று, லைனை விடுங்கள். எண் சரியாக இருந்தது. பேச்சும் அதே திருநெல்வேலிப் பேச்சு.

"காலைல என்னா சாப்ட்டீங்க?"

"உப்புமா சார்."

ஏ.இ. அம்மா லைனைப் போடும் சுவிட்சு இருக்கும் பேனல் பக்கம் வந்தார். "அப்பாடா. போடுங்க சார்."

என் கை நகரவில்லை. பயம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடி அதன் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். குடத்துக்காரர்கள் சண்டை போடுவார்களோ என்று ஓடுகிறதா? இல்லை. மெமோ வருமோ என்று ஓடுகிறதா? இல்லை. அது உப்புமாவிலேயே நின்றது. மாவட்டத்தில் இருக்கிற அத்தனை வெளியூர்க்காரரும் இன்று காலையில் உப்புமாதான் தின்றிருக்கிறார்கள். என் கேள்விக்கு இன்று யார் வேண்டுமானாலும் சரியான பதில் சொல்லிவிடலாம். என்னுடைய பூட்டுக்கு ஊர் முழுக்க ஒரே சாவி.

"சார்! நம்பரு சரி, பேரு சரி, ஒங்க உப்புமாவும் சரி. இன்னும் இன்னாதான் வேணும் ஒங்களுக்கு? வெளிய போய்ப் பாருங்க, கைப்புள்ளையோட நிக்கிறாங்க."

அவசரத்தில் எனக்கு வார்த்தை வராது, அது உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும். பேனலுக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன், அவ்வளவுதான். போனில் கேட்டேன்.

"நான் காலைல என்னா சாப்ட்டேன்?"

ஏ.இ. அம்மா என்னைப் பார்த்த பார்வையின் அர்த்தம்கூட எனக்கு அன்று புரிந்தது. இந்த ஆளுக்கு மறை கழன்றுவிட்டது என்பதுதான்.

போனில் பின்னால் யாரோ "சீக்கிரம் சொல்லுய்யா" என்று நம் ஊர்ப் பேச்சில் அவசரப்படுத்துவது கேட்டது. பிறகு அந்தக் குரல், கொஞ்சம் இறங்கி, "நீங்களும்... உப்புமாதான சார்?" என்றது.

"போர்மேன் எங்க?"

"சார், அவரு எறங்குனத நாம் பாத்தேன் சார்..."

"அவர வந்து பேசச் சொல்லு. அவரு பேசுற வரைக்கும் லைன் கெடையாது." போனை வைத்துவிட்டேன்.

ஏ.இ. அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "தப்பா இருந்தா நீங்கதான் சார் பதில் சொல்லணும்" என்றார். சொல்வேன் என்றேன். அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று நான் சொல்லமாட்டேன், எனக்கு அது முடியவே இல்லை. கேட்டில் குடத்தைத் தட்டுகிறார்கள். ஐஸ் பேக்டரி நாள் திரும்ப வந்துவிட்டது, அதே கூடைக்கார அம்மா குடத்தோடு நிற்பதுபோல இருந்தது. தப்பாக இருந்தால்? மறுபடி மறுபடி பயத்தின் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அது உப்புமாவை விட்டு நகரவே இல்லை. நானும் பேனலை விட்டு நகரவில்லை.

போன் அடித்தது. பெயர் சொல்லவில்லை, எண் சொல்லவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல்.

"ரஸ்க், சார். ரஸ்க்."

"எங்க இருந்தீங்க?" என்று கேட்டேன்.

"இப்பதாம் சார் கம்பத்துல இருந்து எறங்குதேன். தோப்புக்கு அந்தப் பக்கம் கம்பி சிக்கிக் கெடந்துது, அத எடுக்கப் போயி ஏறிட்டேன். எவஞ் சொன்னாம் முடிஞ்சிட்டுன்னு? இந்தப் பய முந்துன கம்பத்துல நா எறங்குனதப் பாத்துருக்கான். ஊர்க்காரங்க சட்டயப் புடிச்ச ஒடனே எம் பேரச் சொல்லிப் பேசிட்டான்." கொஞ்சம் நிறுத்தினார். "கையில கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னேன் சார்."

கடைசியில் அவர் குரல் உடைந்தது. எனக்குக் குரல்கள் தெரியாது என்றேன் அல்லவா, அது உடைந்தது மட்டும் தெரிந்தது. எல்லோரும் இறங்கிவிட்டார்களா என்று ஒவ்வொருவர் பெயராகக் கேட்டேன். ஒவ்வொருவராக வந்து போனில் பேசினார்கள். போர்மேன் பெயரில் பேசிய அந்த வயர்மேனும் அழுதுகொண்டே பேசினார். பிறகு லைனைப் போட்டேன். கேட்டில் குடச் சத்தம் நின்றது. ஏ.இ. அம்மா எழுந்து ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து எனக்கு நீட்டினார். பாதி என் சட்டையில் கொட்டியது.

அந்தப் போர்மேனை நான் நேரில் பார்த்தேனா என்று எனக்கே தெரியாது. ஊருக்குக் கிளம்பும்போது அவர்கள் குழு நிலையத்துக்கு வந்து எல்லோரிடமும் கை குலுக்கிவிட்டுப் போனது. அதில் ஒருவர் என் கையைக் கொஞ்சம் நேரம் விடாமல் பிடித்திருந்தார். எனக்கு யாராவது கையைப் பிடித்தால் பிடிக்காது. அன்று இழுத்துக்கொள்ளவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் புரியாதது. ரஸ்க் கதை எப்படியோ எல்லாக் கம்பத்தடிக்கும் போய்விட்டது. அவர்கள் கிளம்பிய மறுநாள் கிளியர் கேட்டவரிடம், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். "தோசை சார், நீங்க?" என்றார். அதற்கடுத்தவரும் "நீங்க சார்?" என்றார். சிவப்புத் துண்டுக்காரர், ஐஸ் பேக்டரி நாளிலிருந்து என்னோடு வேலைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர், அவரும் "இட்லியும் பொங்கலும் சார், ரெண்டும்தான். நீ இன்னா சாப்ட்ட?" என்றார். கூடிப் பேசி வைத்துக்கொண்டு கேலி செய்கிறார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் தனத்திடம் முறையிட்டேன்.

"கேலி பண்றாங்களா, அக்கறையா கேக்குறாங்களா? ஒனக்குத் தெரியுமில்ல, சொல்லு."

அவள் தட்டை வைத்துக்கொண்டே, "ரெண்டும்தான் மாமா. என்னா சாப்ட்டோம்னு சொல்லிட்டுப் போவீங்களா" என்றாள்.

2012-இல் ஓய்வு பெறும் நாள்வரை சொல்லிக்கொண்டிருந்தேன். இட்லி. தோசை. சில நாள் ரஸ்க். கேட்டவர் கேலி செய்தாரா என்று ஒவ்வொரு தடவையும் சந்தேகப்பட்டேன், ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன்.

புதிதாக வந்திருக்கும் உங்களில் என்னைப்போல ஒருவரோ இருவரோ இருப்பீர்கள். டியூப் லைட்டின் துடிப்பு கண்ணில் படுகிறவர்கள், போன் அடித்தால் வயிறு கலங்குகிறவர்கள். உங்களுக்கு நான் பயப்படாதீர்கள் என்று சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்கிறவர்களை எனக்குச் சந்தேகம். எண்ணை நம்பாதீர்கள், பெயரை நம்பாதீர்கள், இதை எழுதுகிற என்னையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் முகம் தெரியாத யாராவது போனில் "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டால், சந்தேகப்பட்டுக்கொண்டே பதில் சொல்லிவிடுங்கள். ஒருநாள் அந்தப் பதிலைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.